இன்னாசியின் வலது கை

துறைமுகப் பயிற்சிக்கூடத்தில் சென்சார் வேலை கற்றுக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த வேலாயுதத்துக்கு நாற்பத்தெட்டு. ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு வந்தவர். அவர் ஜெசிந்தாவை டீச்சர் என்பார். ஜெசிந்தா அவரை அண்ணாச்சி என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

கூடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் கிரேன் ஆபரேட்டர் நிஜ நாற்காலியில் நிஜ லிவரைப் பிடித்து உட்காருவார். மற்றதில், கீழிருந்து கைச்சைகையால் வழிகாட்டும் சிக்னல்மேன் நிற்பார். இருவரும் ஹெட்செட்டை மாட்டியதும் சுவர்கள் மறைந்து, இருவருக்கும் பொதுவாக ஒரே கப்பல் வந்து நிற்கும். ஒருவர் உடம்பை மற்றவர் கண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சென்சாரின் வேலை.

புதிய தளத்தில் காற்றாலை இறக்கைகளை இறக்க, இங்கே தேறிய ஜோடிக்குத்தான் அனுமதி. இரண்டே வாய்ப்பு. தேறாத சிக்னல்மேன் வாசலில் உட்கார்ந்து வண்டி நம்பர் குறிக்க வேண்டியதுதான்.

சிக்னல்மேன் இன்னாசிக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. கப்பல் வடம் கொண்டுபோனது. இருபது வருடமாக அந்தக் கையைத்தான் தூக்குகிறார். ஹெட்செட்டின் கேமரா அதைக் கை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நொடி காட்டும், மறு நொடி தொலைத்துவிடும்.

வேலாயுதம் பதினோரு நாள் உட்கார்ந்து அதற்கு ஒரு வழி செய்தார். இடது கையைப் பார்த்து, இல்லாத இரண்டு விரல்களை மென்பொருளே ஊகித்துப் போட்டுக்கொள்ளும். திரையில் ஐந்து விரல். சோதனையன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

இன்னாசி ஹெட்செட்டுக்குள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு கை?"

"ஒங்க கைதான் அண்ணாச்சி" என்றார் வேலாயுதம்.

இன்னாசி அதைத் தூக்கிச் சைகை காட்டத் தொடங்கினார்.

நாலாவது நிமிடம் இறக்கை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது. அடுத்த அறையில் ஆபரேட்டர் சுடலை ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னாசியோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர்.

"அங்க எவனோ நிக்கான். இன்னாசி எங்க?"

ஒரு வாய்ப்பு போயிற்று.

இன்னாசி வெளியே வந்து, வேலாயுதத்தின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். கத்தவில்லை.

"இத நம்பி எறங்குன சரக்குல ஒரு ஊரே கட்டலாம். நீரு இதுக்கு மாத்துக் கை தாரீரோ?"

 அன்று மாலை வேலாயுதம் ஜெசிந்தாவிடம் வந்தார்.

"போனதத் திருப்பிக் குடுத்தேன் டீச்சர். அதுக்கா இவ்வளவு கோவம்?"

"நாளைக்குச் சுடலை அண்ணாச்சிகூட கிரேன்ல ஏறுங்க. அந்தக் கையப் பாத்துட்டு வாங்க."

"அதான் மில்லிமீட்டர் சுத்தமா அளந்து வச்சிருக்கேனே."

"மேல இருந்து பாருங்க."

மறுநாள் வேலாயுதம் ஏணியில் படிக்குப் படி நின்று நின்று ஏறினார். மேலே போயும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே நின்றார். கிரேன் உம்மைவிட வயதானது, அதுவே விழவில்லை, கண்ணைத் திறவும் வே என்று சுடலை கேலி செய்தார்.

கீழே இன்னாசி ஒரு தீக்குச்சி உயரத்தில் நின்றார். வேலாயுதம் விரல்களைத் தேடினார். மூன்றும் தெரியவில்லை, ஐந்தும் தெரியவில்லை. விரல் எங்கே என்று சுடலையிடமே கேட்டார். தான் இத்தனை வருடத்தில் விரலைப் பார்த்ததே இல்லை என்றார் சுடலை.

"நிறுத்துன்னு கை சொல்லுமுன்ன அவன் தோளு பின்னால போவும். அதுலயே நான் பாதி நிறுத்திருவேன்."

வேலாயுதம் குனிந்து பார்த்தார். தோள் பின்னால் போனது. கை எழுந்தது. சுமை அதற்குள் தயங்கி நின்றிருந்தது.

அந்தத் தோள் எந்தக் கேமராவிலும் இல்லை. தலை இருக்குமிடத்தையும் கை இருக்குமிடத்தையும் வைத்து மென்பொருள்தான் ஒரு தோளை வரைந்துகொண்டிருந்தது. வேலாயுதம் ஷிப்ட் முடியும்வரை இறங்கவில்லை.

திரும்பி வந்து பார்த்ததைச் சொன்னார்.  ஜெசிந்தா, உடம்பில் கட்டும் சென்சார் பட்டைகள் இருக்கும் அலமாரியின் சாவியை எடுத்து அவர் முன் வைத்தார்.

பதினோரு நாள் வேலையை வேலாயுதம் தன் கையாலேயே அழித்தார். மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று என்று இன்னாசிக்குப் பட்டை கட்டினார். கை எங்கே இருக்கிறது என்று இனி அவை சொல்லும். விரல்களைப் பொறுத்தவரை, கண்டதைக் காட்டினால் போதும், காணாததை வரைய வேண்டாம் என்று மென்பொருளுக்கு எழுதினார்.

இரண்டாம் வாய்ப்பு. இன்னாசி ஹெட்செட்டுக்குள் தன் கையைப் பார்த்தார். மூன்று விரல். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அதைத் தூக்கினார்.

அடுத்த அறையில் சுடலை சிரித்தார்.

"வந்துட்டான்."

இறக்கை சத்தமில்லாமல் வந்து லாரியில் படுத்தது. கொடுத்த நேரத்தில் மூன்று நிமிடம் மிச்சம். வேலை முடிந்த பிறகும் இன்னாசி கையை இறக்கவில்லை. யாரும் இறக்கச் சொல்லவும் இல்லை.

இன்னாசியின் சான்றிதழை எடுக்க வேலாயுதம் கணினி முன் உட்கார்ந்தார். பெயர், வயது, சைகை காட்டும் கை வலது என்று வரிசையாக நிரப்பினார். அடுத்த கட்டத்தில் குறைபாடு என்று போட்டிருந்தது. அதைக் காலியாக விட்டால் சான்றிதழ் அச்சாகாது. 'இரண்டு விரல்' என்று தட்டினார். அழித்தார். 

"இதுல என்ன எழுத, டீச்சர்?"

ஜெசிந்தா பட்டைகளைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"கொறை அவரு கையிலயா இருந்துச்சு? நம்ம ரெண்டு பேரு பேரையும் எழுதுங்க அண்ணாச்சி. இனிஷியலோட."