மாராக்காள் வெட்டிய குழி

எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கிடந்த காலம் அது. நாச்சிமுத்துப் பண்ணையார் தன் கிணற்றுக்குள் படுக்கைவாக்கில் சைடு போர் போட்ட மறுமாதமே, பக்கத்து நிலத்து மாராக்காளின் கிணறு வற்றிப்போனது.

"உங்க போர் என் நிலத்துக்கு அடியில வருதுங்களா?" என்று போய்க் கேட்டாள்.

"அது என் எல்லையோட நின்னுபோச்சு. போ புள்ள!"

மறுநாள் அவள் தன் வேலியோரம் குழி வெட்டினாள். பண்ணையார் எட்டிப் பார்த்தார்.

"என்ன குழி?"

"கக்கூஸுக்குங்க."

"ஐயய்யோ, அங்க வேண்டாம்! நேர் கீழதான் என் போர் போகுது. நான் குடிக்கிற தண்ணி!"

களை வெட்டிக்கொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தோம்.

"அப்பச் சரிங்க. வாரத்துல மூணு நாள் எனக்குத் தண்ணி விடுங்க, குழியைத் தள்ளி வெட்டிக்கறேன்."

விட்டார். இப்போது இரண்டு கிணறுமே தூர்ந்துவிட்டன. ஆனாலும், சொம்பைத் தூக்கும்போதெல்லாம் அவள் நிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடிக்கிற பண்ணையார் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்.