சடையன் அடித்த மான்

“என்கிட்ட என்ன குறை கண்டாங்க, சொல்லுங்கம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார் பெருந்தேவர்.

அவர் காட்டு அதிகாரி. மான் வேட்டைக்கு அனுமதி கொடுப்பது அவர் வேலை. ஊருக்குள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறவர், குன்றத்து அம்மையின் குடிலுக்கு வந்தால் மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சீடனாகிவிடுவார். அம்மைக்கு அவரைவிட வயது குறைவு. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

“என்ன நடந்தது?” என்றாள் அம்மை.

“எல்லாரையும் வேட்டைக்கு விட்டா மான் மிஞ்சாது. யாரையும் விடலன்னா மான் மேஞ்சு தினை மிஞ்சாது. அதனால வருஷா வருஷம் மான் கூட்டத்தை எண்ணிப் பார்த்து, இத்தனைதான் அடிக்கலாம்னு முடிவு பண்றேன். யாருக்கு அனுமதின்னு குலுக்கல் போடுறேன். கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் எடுக்கிறேன். இதைவிட நியாயம் உண்டா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லை.”

“அந்தக் கோடிவீட்டு நீலி, பேர் விழலன்னதும் என் சட்டையைப் பிடிக்காத குறையா சண்டைக்கு வர்றா. புருஷன் இல்லாதவ, பாவம்தான். அதுக்காக? விழாதவங்களுக்கெல்லாம் கொடுக்க முடியுமா?”

“முடியாது.”

அம்மை மறுத்துப் பேசாதது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டு வாங்கத்தான் வந்திருப்பார் போல.

“குடிலுக்குப் பின்னால தினை முத்தி நிக்குது” என்றாள் அம்மை. “அறுப்பு வரைக்கும் காவல் இருங்களேன். இங்க இருக்கிறவங்களுக்குக் கோடை முழுக்க அதுதான் சோறு.”

“அதுக்கென்ன, இருக்கேன். வில்லை எடுத்துட்டு வந்துடவா?”

“வில் கூடாது. நானும் குலுக்கலுக்குப் பேர் கொடுத்திருந்தேன். விழல.”

பெருந்தேவர் வெறுங்கையோடு தினை நிலத்துக்குப் போனார்.

காவல் பரண்மேல் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து நிலம் சடையனுடையது. அவனுக்கு அனுமதி விழுந்திருந்தது. அவனும் தன் பரண்மேல் வில்லோடு இருந்தான்.

மான்கள் ஒன்றும் மக்குகள் அல்ல. சடையனின் முதல் அம்பு பாய்ந்ததுமே, எந்தப் பக்கம் வில், எந்தப் பக்கம் வெறுங்கை என்று தெரிந்துகொண்டன. மொத்தக் கூட்டமும் வேலியைத் தாண்டி அம்மையின் தினைக்குள் இறங்கியது.

பெருந்தேவர் கை தட்டினார். கத்தினார். மண்ணாங்கட்டியை எறிந்தார். தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். மான்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

ஒவ்வொரு நாள் விடியும்போதும் கதிர் இல்லாத தாள்கள் கூடிக்கொண்டே போயின. அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. மீசை வைத்த மனிதர், அதனால் அழவில்லை.

அறுப்புக்கு முந்தின நாள் விடியற்காலை. கொழுத்த கலைமான் ஒன்று வயிறு முட்டத் தின்றுவிட்டு, காட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் சடையன் நிலத்தின் வழியே ஓடியது. அவன் ஒரே அம்பில் சாய்த்தான்.

பெருந்தேவர் பரணிலிருந்து குதித்து ஓடினார். சத்தம் கேட்டு அம்மையும் வந்தாள்.

“தொடாதே அதை!” என்று கத்தினார் பெருந்தேவர்.

சடையன் திகைத்துப்போனான். “என்னங்கய்யா இது? முறையா அனுமதி வாங்கித்தானே அடிச்சேன்?”

“அனுமதி உன்னோடது. மானும் உன்னோடதா? நீ விரட்டினதெல்லாம் எங்க போச்சு? இத்தனை நாளும் யார் நிலத்துல மேஞ்சுது? அதோட வயித்தைக் கிழிச்சுப் பாருடா! உள்ள கிடக்கிறது பூரா எங்க தினை! கோடைக்கு நாங்க எதைத் தின்கிறது?”

சடையன் அம்மையைப் பார்த்தான்.

அம்மை பெருந்தேவரைப் பார்த்தாள்.

“அவன்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? அனுமதி கொடுக்கிறவர் யாரோ, அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க.”