சுருக்குப்பைக்குள்ள என்ன போச்சு?

ஒரு ஊர்ல, எந்த ஊருன்னு கேக்காதீங்க, கேட்டா எனக்குக் கதை மறந்துரும், மலையடிவாரத்துல ஒரு ஊரு, அங்க சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் மாடப்பன் ஐப்பசி மழையில காய்ச்சல் கண்டு போய்ச் சேந்துட்டான். பிள்ளை குட்டி இல்ல. பொறந்த வீட்டுலயும் யாரும் மிச்சமில்ல. வீட்டு இறவாரத்துல ஒரு மண்பானை தொங்கும், அதுக்குள்ள மாடப்பன் வளத்த தேனீ இருந்துச்சு. அது ஒண்ணுதான் அவளுக்குத் துணை. காலையில எந்திரிச்சதும் பானைகிட்டப் போயி, "இன்னைக்கு எங்கடியம்மா போறீங்க? புங்கம்பூவுக்கா, வேப்பம்பூவுக்கா?"ன்னு கேப்பா. உள்ள இருந்து கொய்யின்னு ஒரு சத்தம் வரும். பேச ஆளில்லாதவளுக்கு அதுவே பெருசு, இல்லையா?

அந்த ஊர்ல ஒரு வழக்கம். பிள்ளை இல்லாம புருஷனைப் பறிகொடுத்தவ, வருஷம் திரும்பறதுக்குள்ள வீட்டை அவன் கூடப்பொறந்தவனுக்கு விட்டுட்டுக் கிளம்பணும். ஒரே ஒரு பை எடுத்துக்கலாம். அந்தப் பையை வீட்டுக்கு வரப்போறவன்தான் தச்சுக் குடுக்கணும். பைக்குள்ள எது போச்சோ அது அவளுது, வெளிய எது நின்னுச்சோ அது அவனுது. இன்னொண்ணும் உண்டு, இதை நல்லாக் காதுல வாங்கிக்குங்க. அந்தப் பைக்குள்ள வேற யாரும் கை விடக்கூடாது. விட்டான்னா, அதே அளவு பையோட அவன் ஊரை விட்டுப் போகணும். என்ன வழக்கமோ போங்க, எவனோ ஒரு ஆம்பளை போட்டதுதான், வேற யாரு!

மாடப்பனுக்கு ஒரு தம்பி, கொண்டையன்னு பேரு. மாசி பொறந்ததுமே பையோட வந்து நின்னான். ஏன் அம்புட்டு அவசரம்? பங்குனியில காடு பூக்கும், சித்திரையில பானை தேனா வழியும். அதுக்கு முன்னாடி இவளைக் கிளப்பிரணும்னு கணக்கு.

ஊர் பேசக்கூடாதேன்னு முதல்ல கோணிச்சாக்கு அளவுக்குத் தச்சிருந்தான். சிலம்பாயி வேற எதையும் பாக்கல. பானையை இறக்குனா, வாயைத் துணியால கட்டுனா, பைக்குள்ள வச்சா. அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. கொண்டையன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!

"அய்யோ அண்ணி, இம்மாம் பெரிய பையை எப்படித் தூக்குவீங்க? தோளு என்னத்துக்காகும்? குடுங்க இப்படி"ன்னு வாங்கிட்டுப் போயி, பாதியா வெட்டித் தச்சுக் கொண்டாந்தான்.

பானை போகல. சரி, போகட்டும்னு அவ மாடப்பனோட கம்பளியை மடிச்சு வச்சா, அவன் கஞ்சி குடிச்ச வெங்கலக் கிண்ணத்தை வச்சா. வெங்கலம் கொண்டையன் கண்ணுல பட்டுருச்சு.

"அய்யோ அண்ணி, இதைத் தூக்கிட்டு நடந்தா இடுப்பு ஒடிஞ்சிரும். குடுங்க இப்படி"ன்னு வாங்கிட்டுப் போனான்.

மூணாவது தடவை என்ன கொண்டாந்தான்? சுருக்குப்பை! வெத்தலை பாக்கு போடறமே, அம்புட்டுதான்.

"இதுதான் அண்ணி வசதி. இடுப்புல சொருகிட்டுக் கையை வீசிட்டு நடக்கலாம். விடிஞ்சதும் கிளம்பிருங்க."

சிலம்பாயி அந்தப் பையை மடியில வச்சுட்டு உக்காந்துட்டா. கம்பளியோட ஓரத்தைக் கிழிச்சு உள்ள வச்சா, எடுத்துட்டா. வாசல் மண்ணு ஒரு பிடி வச்சா, கொட்டிட்டா. மண்ணு என்கூடப் பேசுமா, துணி என்கூடப் பேசுமான்னு அழுதா, யாரும் ஏன்னு கேக்க வரல. அப்பத்தான் மாடப்பன் என்னைக்கோ சொன்னது நெனப்பு வந்துச்சு. 'பானை நிறைய ஈ இருக்குன்னு நெனைக்காத புள்ள. தாய் ஈ ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் அதைச் சுத்தி நிக்குது.'

விடியக்காலக் குளிர்ல ஈயெல்லாம் விறைச்சுப் போயிக் கிடக்குமா, அப்பப் பானைக்குள்ள மெல்ல கையை விட்டா. நீளமா, வாட்டசாட்டமா ஒண்ணு, அதுதான் தாய் ஈ. அதை எடுத்து, ஊசியால ஓட்டை போட்ட நாணல் குழாய்ல விட்டு, ரெண்டு பக்கமும் பஞ்சு வச்சு, சுருக்குப்பைக்குள்ள போட்டு இடுப்புல சொருகுனா. கொண்டையன் பையைப் பாத்தான், சிரிச்சான், வழி விட்டான்.

நடந்தா நடந்தா, நடந்துட்டே இருந்தா. மத்த ஈயெல்லாம் தேடி வருமா? வரலேன்னா? தாய் இல்லாத கூடு பாழாப் போயிருமே, என் கையாலயே கொன்னதா ஆயிருமேன்னு திரும்பித் திரும்பிப் பாத்தா. வெறும் பாதைதான் தெரிஞ்சுச்சு.

முதல் ஊர்ல கிணத்தடியில ஒருத்தி, "எங்க தாயி, தனியாவா போற?"ன்னா. "ஆமாக்கா, தனியாத்தான்"னா.

ரெண்டாவது ஊர்ல ஆடு மேய்க்கிறவன், "கூட யாரும்மா வர்றாங்க?"ன்னான். "யாரும் வரலண்ணே"ன்னா. சொல்லிட்டு இன்னொரு தடவை திரும்பிப் பாத்தா.

உச்சி வெயில் ஆயிருச்சு. மூணாவது ஊர் எல்லையில ஒரு இலுப்பை மரம், அதடியில உக்காந்துட்டா. பூக்கூடைக்காரி ஒருத்தி வந்து, "ஏம்மா, தனியாவா வந்தே?"ன்னா. சிலம்பாயி ஆமான்னு வாயைத் தொறந்தா. தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுச்சு. ஏன்னா...

ஏய், தூங்கிட்டியாடா? ம் கொட்டு!

ஏன்னா, வந்த பாதையில இருந்து கொய்யின்னு ஒரு சத்தம். மேகம் மாதிரி வந்துச்சு பாருங்க, அம்புட்டு ஈயும்! பை மேல உக்காந்துச்சு, மடியில உக்காந்துச்சு, தோள்ல உக்காந்துச்சு. ஒண்ணுகூடக் கொட்டல. ஐப்பசிக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அவ சிரிச்சா. சிரிச்சுட்டே அழுதா.

பின்னாலயே கொண்டையன் ஓடி வந்தான். பானையில காஞ்ச தேனடைதான் இருந்துச்சு, ஈ பறந்து போறதைப் பாத்துட்டு நாட்டாமையையும் இழுத்துட்டு வந்துட்டான்.

"திருடி! என் ஈயைத் திருடிட்டா! பைக்கு வெளிய இருக்கறது எனக்குத்தானே, கேளுங்க நாட்டாமை!"

நாட்டாமை, "ஏம்மா, வழக்கம் அப்படித்தானே?"ன்னாரு.

"ஆமாங்கய்யா, வெளிய இருக்கறதெல்லாம் தம்பியோடதுதான். நான் இல்லேங்கல. கூப்பிட்டுட்டுப் போகட்டும்."

கொண்டையன் கூப்பிட்டான். ஒரு ஈ அசையல. துண்டால விரட்டுனான். ஒரு ஈ அசையல. கையெடுத்துக் கும்பிட்டான், அட, நெசமாத்தான், கும்பிட்டான். ஒரு ஈ அசையல. எல்லாம் அந்தச் சுருக்குப்பையை மொய்ச்சுட்டு நின்னுச்சு.

"அப்படி என்னத்தடி உள்ள வச்சிருக்க?"ன்னு பாஞ்சு, பைக்குள்ள கையை விட்டுட்டான்.

அவ்வளவுதான். கையில கொட்டுச்சு, மூக்குல கொட்டுச்சு, காதுல கொட்டுச்சு. மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிப் போச்சு. சிலம்பாயி பையைப் பிடுங்கிப் பாத்தா. நல்லவேளை, குழாய்க்குள்ள தாய் ஈ பத்திரமா இருந்துச்சு.

நாட்டாமை, "கையை விட்டுட்டியேடா"ன்னாரு. "வழக்கத்தைக் கேட்டு வந்தவன் நீதான். வீடு அண்ணிக்கு. நீ கிளம்பு, அதே அளவு பையோட. அந்த அளவைத் தச்சதும் நீதானே?"

அப்புறம் சிலம்பாயிகிட்ட, "வாம்மா, வீட்டுக்குப் போகலாம்"னாரு.

"அந்த வீட்டுல அவுக இல்லைங்கய்யா"ன்னா அவ. "கம்பளியை மட்டும் குடுத்தனுப்புங்க. வீட்டுல, போக்கிடம் இல்லாத பொம்பளை எவளாச்சும் வந்தா இருந்துட்டுப் போகட்டும்."

இலுப்பை மரத்துல புதுப் பானை கட்டுனா, அதடியிலயே குடிசை போட்டா. பங்குனியில அந்த மரம் பூத்துச்சு. ராத்திரி கம்பளியைப் போத்திப் படுக்கறப்ப பக்கத்துல வெறுமையாத்தான் இருக்கும், அதை எந்த ஈயும் நிரப்ப முடியாது. ஆனா விடிஞ்சா கேள்வி கேக்க ஆளிருந்துச்சு, கொய்யின்னு பதிலும் வந்துச்சு.

கொண்டையனா? சுருக்குப்பையை மடியில வச்சுட்டு அவனும் உக்காந்தான். பெட்டியை வச்சுப் பாத்தான், கிண்ணத்தை வச்சுப் பாத்தான், ஒண்ணும் போகல. வெறும் பையோட நடந்தான். முதல் ஊர்ல தனியாவான்னு கேட்டாங்க. ரெண்டாவது ஊர்ல கேட்டாங்க. மூணாவது ஊர்லயும் கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தான். ஈ காக்கா கூட வரல.

கதை பைக்குள்ள போச்சு, பையைச் சுருக்கியாச்சு. போய்ப் படுங்க.