யவன மதுவும் தேன்கிணத்துத் தண்ணியும்

கடல் இப்ப இருக்கற எடத்துக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்த காலத்துல, சங்குத்துறைன்னு ஒரு ராச்சியம். அதை மருதவாணன்னு ஒரு ராசா ஆண்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா காலையில தலையில தூக்கி வச்சதை மத்தியானம் கீழ போட்டு மிதிப்பாரு. ஒருதரம் மயில் அழகா ஆடுச்சுன்னு அதுக்குப் பல்லக்கு கொடுத்தாரு. சாயங்காலம் அது கத்துச்சுன்னு நாடு கடத்திட்டாரு. மயிலு என்ன பண்ணும், எல்லைக் கோட்டை மதில்ல உக்காந்துகிட்டு ரெண்டு நாட்டுக்கும் கேக்கற மாதிரி கத்துச்சு. அது கெடக்கட்டும்.

அவருக்கு வெண்ணின்னு ஒரு அமைச்சர். பொம்பளை அமைச்சரான்னு ஊரே வாயைப் பொளந்தப்போ, தன் புத்தியாலயே முத்திரை மோதிரம் வாங்கினவ. மிளகை ஏத்தி அனுப்பிட்டு, பதிலுக்கு யவனக் கப்பல்லேருந்து திராட்சை மது வாங்கலாம்னு யோசனை சொன்னதும் அவதான். சாடி சாடியா வந்து எறங்குச்சு. ஒண்ணு வெளிறின நெறம், எலுமிச்சை மாதிரி புளிப்பு. ஒண்ணு கருஞ்செவப்பு, நாக்கைப் புடிச்சு இழுக்கற துவர்ப்பு. இன்னொண்ணு பாகு மாதிரி இனிப்பு.

ராசாவுக்கு மது புதுசு. மிளகு தூக்கலாப் போட்ட நண்டுக் குழம்பைத் தின்னுட்டு, கருஞ்செவப்பை மடக்குன்னு குடிச்சாரு. வாயெல்லாம் நெருப்பு. அதை அணைக்கறேன்னு பால் பாயசத்தைக் குடிச்சு, அது மேல புளிப்பு மதுவை ஊத்தினாரு. மூஞ்சி, புளியங்காயைக் கடிச்ச கொரங்கு மாதிரி ஆயிடுச்சு. சபையில யாரும் சிரிக்கல. ராணி மட்டும் சிரிச்சாங்க. அவங்களை யார் கேக்கறது?

"என் மிளகைக் கொடுத்து இந்தக் கழுநீரையா வாங்கினே வெண்ணி?"ன்னாரு ராசா.

சபையிலயே அந்த மோதிரத்து மேல ரொம்ப நாளாக் கண்ணு வச்சிருந்தவன் பூதங்கண்ணன். யவன தேசம் போறேன்னு கப்பல் ஏறி, கரை மறையறதுக்குள்ள வாந்தி எடுத்துத் திரும்பினவன். ஆனா பேச்சைக் கேட்டா, திராட்சைத் தோட்டத்துலயே பொறந்து வளந்த மாதிரி இருக்கும்.

"மன்னா, நல்ல மதுன்னா எது கூடக் குடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும். தொட்டுக்க இது வேணும், அது வேணும்னு கேக்கறவன் பட்டிக்காட்டான். அமைச்சரம்மா வாங்கினது மட்டம். கண்ணைக் கட்டிக் கொடுத்தாக்கூட நல்லது எது, மட்டம் எதுன்னு என் நாக்கு சொல்லிடும்"னான்.

ராசா துள்ளிக் குதிச்சாரு. பௌர்ணமி விருந்துல இந்த மது தன் தொண்டையில சந்தோசமா எறங்கணும், இல்லைன்னா வெண்ணியோட மோதிரம் பூதங்கண்ணனுக்குன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. அவன் அன்னைக்கே தட்டான்கிட்டப் போய் விரலை அளவு கொடுத்துட்டு வந்துட்டான்.

வெண்ணி மோதிரத்தைத் திருகிக்கிட்டே அரமனைத் தோட்டத்துல நடந்தா. கைக்கு எட்டின கொப்புல நெல்லிக்கா. ஒண்ணைப் பறிச்சு மென்னா. நெஞ்சுக் கசப்புக்கு இந்தக் கசப்பு தேவலைன்னு தோணுச்சு. வாயைக் கழுவலாம்னு கெணத்துத் தண்ணியை அள்ளிக் குடிச்சவளுக்கு, சிரிப்பு வந்துடுச்சு.

ஏன்னா அந்தக் கெணத்துக்குப் பேரே தேன்கிணறு. நம்ம ராசாவோட தாத்தா ஒருநா வேட்டையாடிட்டு வந்து, பசியில நெல்லிக்காயைத் தின்னுட்டு அந்தத் தண்ணியைக் குடிச்சாராம். இனிச்சுதாம். ஆகா, பூமிக்குள்ள தேன் ஊறுதுன்னு சுத்திச் செவுரு கட்டி, ஒரு காவக்காரனையும் போட்டாரு. மறுநா வெறும் வாயில குடிச்சா, சப்புன்னு இருக்கு. தேனைத் திருடிட்டியான்னு காவக்காரனைக் கட்டி வச்சுட்டாரு. பாவம், அவன் பொண்டாட்டி ஒரு கூடை நெல்லிக்காயோட வந்து தின்னச் சொல்லி, குடிக்க வச்சு, புருசனை மீட்டுட்டுப் போனா. இந்தக் குடும்பத்து நாக்கு அப்பலேருந்தே அப்படித்தான்.

பௌர்ணமி வந்துச்சு. கண்ணைக் கட்டினாலும் சொல்லிடும்னாரே, அந்த நாக்கை மொதல்ல பாத்துடலாம்னு, வெண்ணி பூதங்கண்ணன் கண்ணை அவளே பட்டுத்துணியால கட்டினா. ராசா காதுல மட்டும் ஒண்ணு சொன்னா: என்ன நடந்தாலும் வாயைத் தெறக்கக் கூடாது. ராசாவுக்கு அதுதான் உலகத்துலயே கஷ்டமான வேலை.

மொதல்ல சூடா வஞ்சிர மீன் வறுவல் ஒரு துண்டு, மேல வெளிறின மது ஒரு வாய்.

"ஆகா, இது சக்கரவர்த்திங்க குடிக்கறது"ன்னான் பூதங்கண்ணன்.

அடுத்து பால் பாயசம் ஒரு கரண்டி. அதே சாடி, அதே மது.

"தூ, இது காடி. அமைச்சரம்மா வாங்கினது இதேதான். எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சிடுவேன்."

ராசா தலைப்பாத் துணியை வாயில திணிச்சுக்கிட்டாரு. ராணி தூணைக் கட்டிக்கிட்டாங்க.

கடைசியா ஒரு நெல்லிக்கா. வாய் மாத்தறதுக்குன்னு வெண்ணி சொன்னா. அப்புறம் வெள்ளிக் கிண்ணத்துல ஒரு வாய். பூதங்கண்ணன் உறிஞ்சினான், நிறுத்தினான், மறுபடியும் உறிஞ்சினான்.

"இதுதான் ஒசத்தி. தீவுல வெளையற திராட்சை. இனிப்பு பின்னாலதான் வரும். பழகாத நாக்குக்கு வெறும் தண்ணி மாதிரி இருக்கும்."

"பழகின நாக்குக்கு?"ன்னு கேட்டா வெண்ணி.

"தேன்."

கட்டை அவுத்தா. எதிர்ல கயித்தோட, சொட்டுச் சொட்டா ஒழுகிக்கிட்டுத் தேன்கிணத்து வாளி நின்னுச்சு. ராசா துணியைத் துப்பிட்டுச் சிரிச்ச சிரிப்புல, எல்லை மதில் மேல இருந்த அந்த மயில்கூடப் பதிலுக்குக் கத்துச்சு.

"மகாராசா, நாக்கு கடைசியா யாரைப் பாத்துச்சோ அவங்க பேச்சைத்தான் கேக்கும்"னா வெண்ணி. "இப்ப நீங்க சாப்பிடுங்க."

அதே மிளகு நண்டை வச்சு, கூட இனிப்பு மதுவை ஊத்தினா. காரம் அடங்கி நண்டு ருசிச்சுது. கொழுப்பு ஒழுகற ஆட்டுக்கறிக்குக் கருஞ்செவப்பு. மீனுக்குப் புளிப்பு. நம்ம வீட்ல மீனுக்குப் புளி கரைக்கறோமே, அதே கணக்குதான்னு சொன்னா. ராசா தட்டை வழிச்சுட்டு, பாயசத்துக்கு எதுன்னாரு.

"பாயசத்துக்குப் பாயசம்தான் மகாராசா. அதைத் தனியா விடுங்க."

மோதிரம் அவ விரலை விட்டு எறங்கவே இல்ல. பூதங்கண்ணனையும் ராசா வெறுங்கையோட அனுப்பல. தேன்கிணத்துல ஒரு தண்ணிப்பந்தல் போட்டு, நாக்குப் பண்டிதர்னு பட்டம் கொடுத்து உக்கார வச்சாரு. வழிப்போக்கருக்கெல்லாம் அவன் கையாலதான் நெல்லிக்கா, அவன் கையாலதான் தண்ணி.

குடிச்சவங்க அத்தன பேரும், "ஐயா, தேன் மாதிரி இருக்குங்க"ன்னு மனசாரச் சொல்லிட்டுப் போவாங்க. அவனுக்கு ஒவ்வொரு தரமும் காது செவக்கும்.