பாத்தியிலிருந்து தெரியும் சுவர்

தெக்லம்மாள் வீடு கட்டுகிறவர். அவரிடம் படிக்க வந்தவர்கள் குருவே என்று அழைத்தால் சிரித்துவிடுவார். "அம்மான்னு கூப்பிடுங்க, போதும்" என்பார்.

அவருடைய மாணவி செலினுக்கு முதல்முறையாகத் தனியாக ஒரு வேலை கிடைத்தது. உப்பளத்துப் பெண்கள் வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்க ஒரு வீடு.

உப்புப் பாத்திகளை ஒட்டி முள் நிறைந்த ஓர் உடைமரம். அதன் கொப்புகளில் சேலைத் தொட்டில்கள் ஆடின. நாலு எட்டு தள்ளி ஆழமான வாய்க்கால். போன கோடையில் ஒரு பிள்ளை தவழ்ந்து போய் அதில் விழுந்துவிட்டது. உடம்பு நீலம் பாரித்த பிறகுதான் தூக்கினார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டது.

செலினின் இடுப்பிலும் ஒரு மகள் இருந்தாள். அந்தக் கதையைக் கேட்ட அன்றே சுவரின் உயரத்தை முடிவு செய்துவிட்டாள். இரண்டு ஆள் உயரம். கதவுக்கு உள்ளே ஒரு தாழ், வெளியே ஒரு தாழ். முள் விழும் என்று உடைமரத்தைச் சுவருக்கு வெளியே விட்டாள்.

வீடு முடிந்தது. ஒரு பிள்ளைகூட வரவில்லை. தொட்டில்கள் மரத்திலேயே ஆடின.

செலின் பாத்திக்குப் போனாள். சந்தனமாரி குனிந்து பலகையால் உப்பு இழுத்துக்கொண்டிருந்தாள். வாய்க்காலில் விழுந்த பிள்ளை அவளுடையதுதான்.

"ஏன்க்கா பிள்ளையைக் கொண்டு வரலை? சுவர் நல்லா இல்லையா?"

"சுவரு நல்லாத்தான் இருக்கு தாயி. உள்ள யாரைப் பிடிச்சுப் போடப் போறீய?"

பக்கத்துப் பாத்திப் பெண்கள் சிரித்தார்கள்.

செலின் தெக்லம்மாளிடம் போய் அழுதாள். "அவங்க பிள்ளைக்காகத்தானே கட்டினேன், கேலி பண்றாங்க. அடுத்த தடவை எந்தப் பிள்ளை விழுமோ! நான் இன்னும் என்ன செய்யணும் அம்மா?"

மறுநாள் அம்மா உப்பளத்துக்கு வந்தார். சுவரைச் சுற்றி நடந்தார். பிறகு செலினின் மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் இவளோட உள்ளே இருக்கேன். நீ ஒரு பாத்தி உப்பு இழுத்துட்டு வா."

கதவு மூடியது. உள்தாழ் விழும் சத்தம் கேட்டது.

சந்தனமாரி தன் பலகையை நீட்டினாள். "பதமா இழுங்க தாயி. உப்பு காலைக் கிழிச்சிரும்."

செலின் குனிந்தாள். வெள்ளை உப்பு கண்ணைக் கூச வைத்தது. இழுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சுவர். மறுபடி இழுத்தாள். நிமிர்ந்தாள். சுவர்.

பாதிப் பாத்தியில் பலகையைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

அம்மா திறந்தார். மகள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அழுதாளா?"

"இல்லையே. நீ போன உடனே தூங்கிட்டா."

"எனக்கு அழுற சத்தம் கேட்டுச்சு அம்மா."

"கேட்டிருக்காது. அழுதிருந்தாலும் கேட்டிருக்காது. சுவரை அவ்வளவு கனமா கட்டியிருக்கே."

செலின் மகளை வாங்கிக்கொண்டாள். செலினின் கணுக்காலில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடாகியிருந்தது.

"சுவரைக் குறைச்சா எனக்குப் பயமா இருக்கும் அம்மா."

"பிள்ளை கண்ணுல படலைன்னா அவங்களுக்கும் பயம்தான்."

"வாய்க்கால் அங்கேதானே இருக்கு. சுவரே இல்லாம விட முடியுமா?"

"விடச் சொல்லலையே."

"அப்போ எவ்வளவு உயரம்? நீங்களே சொல்லிடுங்க."

அம்மா மறுபடியும் குழந்தைக்காகக் கையை நீட்டினார்.

"இவளை அந்த உடைமரத்துத் தொட்டில்ல போடுறேன். நீ போய்ப் பாத்தியில குனி. அங்கேயிருந்து இவளைப் பார்த்துட்டு, எவ்வளவு உயரம்னு நீ சொல்லு."