எண்பத்தைந்து இன்ச்சுக்கு ஒரு சுவர்

கதை பாதியில் இருக்கும்போதே விடையைச் சொல்லிவிடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. இந்தக் கதையில் அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முந்திக்கொண்டால் தவறான ஆளைப் பிடித்துவிடுவீர்கள்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் சென்னிமலைக்கு சினிமா என்றால் உயிர். தியேட்டரில் முன்வரிசைக்காரன் தலை மறைக்கிறது, பக்கத்து ஆள் செல்போனை நோண்டுகிறான் என்று ஆயிரம் குறை சொல்லி, வீட்டுக்கே பெரிய டிவி வாங்கத் தீர்மானித்தான். கடையில் ஐம்பத்தைந்து இன்ச்சைக் காட்டினார்கள். முகத்தைச் சுளித்தான். அறுபத்தைந்துக்கும் அதே சுளிப்பு. பட்டறை டேப்பை இழுத்து எண்பத்தைந்து இன்ச்சை அளந்த பிறகுதான் சிரித்தான். சோபாவிலிருந்து பத்தடி தூரம் இருந்தால் போதும் என்றார் கடைக்காரர். வீட்டில் பத்தடி இருந்தது. சுவர்தான் தகராறு செய்தது.

ஹாலில் அவ்வளவு பெரிய டிவிக்குப் பொருந்தும் சுவர்கள் இரண்டு. ஒன்று ஒன்பது இன்ச் வெளிச்சுவர். அதன் நடுவே, நான்கு மாதம் முன்பு இறந்த அப்பாவின் படம் மாலையும் விளக்குமாக இருந்தது. வருஷத் திதி முடியும்வரை படத்தை இடம் மாற்றக்கூடாது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். எதிரே இருந்தது, அப்பா படுக்கையில் விழுந்தபோது அவருக்குத் தனி அறை வேண்டுமென்று ஹாலை மறித்து அவசரமாக எழுப்பிய சுவர். நாலரை இன்ச் தடிமன், ஏழடி உயரம். மேலே கூரையைத் தொடாது. பக்கத்தில் எந்தத் தூணிலும் பிடிப்புக் கிடையாது.

டிவி மாட்ட வந்த ரியாஸ் அந்தச் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு டிரில்லைப் பைக்குள் வைத்தான்.

"போல்ட்டு நிக்குமுங்ணா, சுவரு நிக்காது. ஒண்ணு அந்தப் போட்டோவைக் கழட்டிக் குடுங்க. இல்லாட்டி கீழ மேசை போட்டு வச்சுக்குங்க."

"மேசை மேல வச்சா அது டிவி. சுவத்துல ஏத்துனாத்தான் தம்பி தியேட்டரு" என்ற சென்னிமலை, மனைவி கோகிலாவைப் பார்த்தான். "அப்பாவைப் பக்கத்துச் சுவத்துக்கு மாத்திரலாமா?"

"வேண்டாமுங்க. வருசம் திரும்பட்டும்."

அவள் பயம் அவளுக்குத்தான் தெரியும். கடைசி ஒரு மாதம் மாமனாரோடு அவளுக்குப் பேச்சில்லை. சென்னிமலையின் தங்கை வளர்மதி, "எங்கப்பனுக்கு ஒரு வாய் கஞ்சிகூட மனசார ஊத்தலையே" என்று இழவு வீட்டிலேயே வாய்விட்டு அழுதாள். இப்போது படமும் நகர்ந்தால் உறவு என்ன பேசும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரியாஸ் மாட்ட மறுத்துக் கிளம்பினான். டிவியோடு வந்த இரும்புத் தாங்கியை மட்டும் வைத்துவிட்டுப் போனான். சென்னிமலைக்கு வீம்பு ஏறிவிட்டது. இருபது வருஷமாக இரும்போடு புழங்குகிறவன். சுவரின் மறுபுறம் இரும்புப் பட்டை கொடுத்து, லாரி பாடிக்கு முடுக்குவது போல எட்டு போல்ட்டை முடுக்கினான். டிவியை ஏற்றுமுன் தாங்கியில் தானே தொங்கிப் பார்த்தான். போல்ட் ஒரு நூல்கூட அசையவில்லை. போல்ட்டைப் பார்த்தவன் செங்கல்லைப் பார்க்கவில்லை.

மறுவாரமே, காலையில் கூட்டும்போது அந்தச் சுவரடியில் செந்தூள் கிடந்தது. கோகிலா வாரிக் கொட்டினாள். அடுத்த நாளும் கிடந்தது. தரையை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல் நீளமாக ஓடுவதையும் கண்டாள். கணவனிடம் சொன்னால், டிவியை அந்தப் பக்கம் மாட்ட மாமனார் படத்தைக் கழற்றிவிடுவான். சொல்லவில்லை. ஆனால் டிவிக்கு மிக அருகில் தரையில் உட்கார்ந்து பார்க்கும் மகள் தரணியை மட்டும், "கண்ணு கெட்டுப் போயிரும், பின்னால வா" என்று சோபாவுக்கு அழைத்துக்கொண்டாள். தினமும் தூளை வாரினாள். தூள் தினமும் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வளர்மதி வந்தாள். ஜன்னல்களைச் சாத்தி இருட்டாக்கி, சென்னிமலை சண்டைப் படம் ஒன்றைப் போட்டான். இடுப்பு வலிக்காரியான வளர்மதிக்குச் சோபா ஒத்துக்கொள்ளாது. முன்னால் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டி, "இங்கயே படுத்துக்கறேன் அண்ணி" என்றாள். கோகிலா ஒரு கணம் நின்றாள். ரெண்டு மணி நேரம்தானே என்று நினைத்தாள். பாயும் தலையணையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

இடைவேளைக்குச் சற்று முன் சுவர் சாய்ந்தது. எட்டு போல்ட்டும் டிவியைக் கடைசிவரை விடவில்லை.

வளர்மதி உயிர் பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், தன் பிடிவாதம்தான் காரணம் என்று சென்னிமலை தலையில் அடித்துக்கொண்டான். சேதி கேட்டு ஓடிவந்த ரியாஸ், தாங்கியை அங்கே விட்டுவந்த தன் மேல்தான் தப்பு என்று கண் கலங்கினான். நினைவு திரும்பிய வளர்மதி, கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"தரணி எப்பவும் முன்னாலதானே அண்ணி உக்காருவா? நல்லவேளை, அன்னைக்குப் பின்னால இருந்தா. சாமிதான் காப்பாத்திருக்கு."

இப்போது சொல்லுங்கள். வளர்மதியை அந்தச் சுவரடியில் கிடத்தியவர் இம்மூவரில் யார்?

விடை: சுவரைச் சாய்த்தவன் சென்னிமலை, அவன் மடத்தனத்துக்குச் சாட்சி தேவையில்லை. ஆனால் அது நிற்கும் என்று அவன் மனதார நம்பினான். ரியாஸ் சொல்ல வேண்டியதைச் சொல்லி, செய்யக்கூடாததைச் செய்யாமல் போனவன். சுவர் விழும் என்று நம்பி நடந்துகொண்டவள் கோகிலா ஒருத்திதான். மகளைப் பின்னால் அழைத்த அன்றே அவள் மனது தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன் பிறகு கொடுத்த பாய் தெரியாமல் கொடுத்த பாய் ஆகாது. உறவின் பேச்சுக்குப் பயந்தவள் என்று அவள் பக்கம் வாதாட நானும் முயன்றேன். நெஞ்சு ஒப்பவில்லை. வளர்மதியை இப்போது குளிப்பாட்டித் தலை சீவி விடுவது கோகிலாதான். "எங்க அண்ணி மாதிரி யாரு பாப்பாங்க?" என்று வருகிறவர்களிடமெல்லாம் வளர்மதி சொல்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் கோகிலா எழுந்து வெளியே போய்விடுகிறாள்.