உச்சி ஏறிய முதுகு

பேய்களுக்கும் பாடம் உண்டு. செத்த அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. யாரைப் பிடிப்பது, எந்த நேரத்தில் பிடிப்பது, கோடாங்கி வந்து உடுக்கை அடித்து விரட்டினால் என்ன பதில் சொல்வது என்று ஒருவர் சொல்லித்தர வேண்டும். முள்ளிக்காட்டுப் புளியமரத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் அண்ணாவி. உயிரோடு இருந்தபோது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். செத்த பிறகும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

அவரிடம் படித்தவர்களில் உயிரோடு இருந்தவள் உச்சி ஒருத்திதான்.

ஊரில் கொள்ளைநோய் வந்த வருஷம், பிணம் ஏற்றிய வண்டியில் செத்த தாயோடு அவசரத்தில் அந்தக் கைக்குழந்தையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். தாய்க்காரி மனக்குறை இல்லாமல் செத்திருக்க வேண்டும். பேயாக வராமல் நேரே போய்விட்டாள். பிள்ளை மட்டும் உச்சிவெயிலில் புளியமரத்தடியில் கிடந்து வீறிட்டது. முதலில் பேய்களே பயந்துபோயின. பிறகு இறங்கி வந்து எடுத்துக்கொண்டன. கிடைத்த பொழுதையே பேராக வைத்தன. மேய வந்த ஆடுகளைக் கறந்து பால் புகட்டின. மடியில் வாய் வைப்பது சாரைப்பாம்புதான் என்று சொல்லி, அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் பல வருஷம் பாம்பைத் தேடித் தேடி அடித்தார்கள்.

தனக்கு நிழல் விழுவதை ஒரு வியாதி என்றுதான் உச்சி நினைத்திருந்தாள். வளர வளரச் சரியாகிவிடும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளாகவே நம்பிக்கொண்டாள்.

சரியாகவில்லை. கொப்பு முறிந்தது.

பேய்க்கு எடை கிடையாது. நூறு பேய் உட்கார்ந்தாலும் ஒரு புளியம்பூ உதிராது. உச்சி சாய்ந்து உட்கார்ந்ததும் மாசானத்தின் கொப்பு மடாரென்று போய்விட்டது. மாசானம் பாம்பு கடித்துச் செத்த வண்டிக்காரர். கோபக்காரர்.

“அண்ணாவி, போன மாசம் ஒரு கொப்பு. இன்னைக்கு என் கொப்பு. விட்டா மரமே போயிரும். நம்ம மரத்துக்குச் சட்டம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

சட்டம் இருந்தது. வளர்ந்த பேய் ஒரு ஆளைப் பிடித்துக் காட்ட வேண்டும். காட்டினால் மரத்தில் அதற்கென்று ஒரு கொப்பு. பிடிக்கத் தெரியாததற்கு மரத்தில் இடம் கிடையாது. கொப்பு தாங்குமா என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

உச்சி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மரத்தைத் தவிர அவள் தூங்கிய இடம் உலகத்தில் வேறு இல்லை.

“அண்ணாவி, நான் பிடிச்சிருவேனா?”

“பாடத்தைச் சொல்லு.”

“மத்தியானம் போகணும். தனியா வர்ற ஆளாப் பாக்கணும். தலையில சுமை இருந்தா நல்லது, திரும்பிப் பாக்க முடியாது. பின்னால இருந்து முதுகுல ஏறணும். அப்புறம் கேள்வி வரும்.”

“என்ன கேள்வி?”

“ஆரு நீ. எந்த ஊரு. என்ன வேணும். போறியா.”

“போறியான்னு கேட்டா?”

“போக மாட்டேன்னு சொல்லணும்.”

“அப்புறம்?”

“உடுக்கை வேகமாகும். வேப்பிலையால அடிப்பாங்க. அப்பவும் போக மாட்டேன். தலைமுடியைச் சுருட்டிப் பிடிச்சு ஆணியைக் கையில எடுத்தா மட்டும், போறேன்னு சொல்லி இறங்கிரணும்.”

“இறங்காட்டி?”

“முடியை மரத்துல வச்சு ஆணி அடிச்சிருவாங்க. அப்புறம் காலத்துக்கும் அங்கேயேதான்.”

அண்ணாவி தலையாட்டினார். எப்போதும் ‘போயிட்டு வா’ என்பவர் அன்றைக்கு வெறுமனே ‘போ’ என்றார். இருந்த பயத்தில் உச்சிக்கு அது உறைக்கவில்லை.

முப்புடாதி என்பவள் உடைமுள் விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் வந்தாள். தனி ஆள். உச்சி பதுங்கிப் பதுங்கி வந்து முதுகில் தாவினாள்.

கட்டு சரிந்தது. ஆள் விழவில்லை.

“எவட்டி அவ! இடுப்பு ஒடியுது, இறங்கு.”

பாடத்தில் இது இல்லை. உச்சி கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாசக்கணக்கில் பழகி வைத்திருந்த குரலில், “நான் வந்திருக்கேன்” என்றாள்.

“வந்தவ சும்மா தொங்குனா ஆச்சா? பாதி விறகைத் தூக்கு.”

வேறு வழி தெரியாமல் உச்சி இறங்கி, விறகைத் தூக்கினாள். பேய்ப் பள்ளிக்கூடத்தில் படித்து விறகு சுமந்தவள் அவள்தான்.

கொஞ்ச தூரம் போனதும் முப்புடாதி கேட்டாள். “ஆரு நீ?”

உச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேள்வி தொடங்கிவிட்டது.

“உச்சி.”

“எந்த ஊரு?”

“புளியமரம்.”

“மரத்துல இருக்க நீ என்ன குரங்கா? சரி, உனக்கு என்னதான் வேணும்?”

உச்சி ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். “கருஞ்சேவல் ஒண்ணு. செவப்புச் சீலை ஒண்ணு. தலை நிறையப் பூ.”

முப்புடாதி விறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “கல்யாணமாட்டி உனக்கு? மாப்பிள்ளை எங்க, மரத்துலயா?”

உச்சி சிரிக்கவில்லை. மிச்சம் இருக்கிற கேள்விக்காகக் காத்திருந்தாள். ‘போக மாட்டேன்’ என்ற பதில் நாக்கு நுனியில் நின்றது.

“சாப்ட்டியா?” என்றாள் முப்புடாதி.

உச்சி திருதிருவென்று முழித்தாள். இதற்கு அண்ணாவி பதில் சொல்லித்தரவில்லை.

முப்புடாதியின் வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒரு ஆடு இருந்தது. கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. பேய்கள் உப்பைத் தொடுவதில்லை. அவை வளர்த்த பிள்ளையும் தொட்டதில்லை. முதல் வாய் வைத்ததும் யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. வசமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். பிறகு இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள். பிறகு சட்டியை வழித்தாள்.

“மெதுவாத் தின்னுட்டி. ஆரும் பிடுங்க வரல.”

தின்று முடித்ததும் முப்புடாதி பின்னால் வந்து உட்கார்ந்து, அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்தாள்.

உச்சி கண்ணை இறுக மூடினாள். உடுக்கை இல்லாமல், வேப்பிலை இல்லாமல் நேரே ஆணிக்கு வந்துவிட்டாளே! போறேன் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அவள் இன்னும் போறியா என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது அண்ணாவியின் கண்டிப்பு.

தலையில் சுரீரென்று இழுத்தது. சீப்பு.

“அடி பாவி, இது தலையா, பேன் சந்தையா? உன்னைப் பெத்தவ இதெல்லாம் பாக்க மாட்டாளா?”

“செத்துட்டா.”

“வளத்தவங்க?”

“அவங்களும் செத்தவங்கதான்.”

சீப்பு கொஞ்சம் நின்றது. அப்புறம் முன்னைவிட மெதுவாக ஓடியது.

பொழுது சாய்ந்தது. முப்புடாதி ஆட்டைக் கட்டிவிட்டு வந்து விளக்கைத் துடைக்க உட்கார்ந்தாள். விளக்கேற்றிய வீட்டில் பேய் இருக்கக் கூடாது. உச்சி ஓசைப்படாமல் வெளியே வந்து, ஓடினாள்.

மரத்தில் எல்லாப் பேயும் இறங்கி நின்றது.

“பிடிச்சாளா, இல்லையா? அதைச் சொல்லச் சொல்லுங்க” என்றார் மாசானம்.

உச்சி அண்ணாவியைப் பார்த்துச் சொன்னாள். “முதுகுல ஏறினேன். ஆரு நீன்னு கேட்டா. ஊரு கேட்டா. என்ன வேணும்னு கேட்டா. எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன்.”

“போறியான்னு கேட்டாளா?”

“கேக்கவே இல்லை, அண்ணாவி. சாயங்காலம் வரைக்கும் இருந்து பாத்தேன். சாப்ட்டியான்னு கேட்டா. தலை ஏன் இப்படிக் கெடக்குன்னு கேட்டா. அதை மட்டும் கேக்கலை.”

“பின்னே ஏன் வந்தே?”

உச்சி காலைப் பார்த்தாள். “இருட்டப்போகுது. நீங்க தேடுவீங்க.”

அண்ணாவி அவள் சீவிய தலையைப் பார்த்துச் சொன்னார்.

“விரட்டாத இடத்துல இருந்து பேய் இறங்காது. தேடுவாங்கன்னு தானா இறங்கி வரப் பேய்க்குத் தெரியாது.”

“அப்ப நான் தோத்துட்டேனா? எனக்குக் கொப்பு இல்லையா?”

“இல்லை.”



உச்சி ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தாள். நின்றாள்.

“ஒருநாள் அவ கேட்டுட்டா? போறியான்னு கேட்டுட்டா நான் என்ன செய்வேன், அண்ணாவி?”

“முதல்ல என்ன சொல்லணும்?”

“போக மாட்டேன்.”

“அந்த வீட்டுல உடுக்கை இருக்கா?”

“இல்லை.”

“ஆணி?”

“ஒண்ணு இருக்கு. அதுல உறி தொங்குது.”

“அப்ப அந்தப் பதிலோட பாடம் முடிஞ்சுது” என்றார் அண்ணாவி.